ஓட்டுமேட்டுக் கிணறு

என்னைப் பெண் பார்க்க வந்தவர், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மேட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டார். கதவுக்குப் பின்னால், தலை கொள்ளாத பூவும் இடுப்பில் நிற்காத பட்டுப் புடவையுமாக நின்றுகொண்டிருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

“எந்த மேடு தம்பி?” என்றார் என் மாமா.

“ஓட்டுமேடுன்னு ஒண்ணு இருக்காமே, தரகர் சொன்னாரு. பழைய காலத்துப் பட்டணம் ஏதோ மண்ணுக்குள்ள இருக்கும்போல.”

“அதுவா? அங்க இன்னா இருக்குது, வெறும் ஓட்டாஞ்சில்லு. பாகூர் கோயிலப் பாருங்க, ஏரியப் பாருங்க. இந்தப் பக்கம் வர்றவங்கல்லாம் அதத்தான் பாப்பாங்க.”

வேறொரு பெண்ணாக இருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பாள். எனக்கோ உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். பிறந்ததிலிருந்து அன்றுவரை அந்த மேட்டைப் பற்றி என்னைத் தவிர ஒருவர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்து நான் கேட்டதில்லை. எழுபதுகளின் நடுவில், வில்லியனூர் பஜாரில் நெல் மண்டி வைத்திருந்த குடும்பத்திலிருந்து, ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்தும் ஒருவர் வாடகைக் காரில் வந்து இறங்கி, முதல் கேள்வியாக அதைக் கேட்கிறார். முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை. ஆனால் மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் பாகூருக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவில் இருந்தது. அப்பா நான் சிறியவளாக இருந்தபோதே போய்விட்டதால் அம்மாவும் நானும் அம்மாவின் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம். மாமா நல்லவர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். எங்களுக்குச் சோறு போட்டார், என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார், தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று மட்டும் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஓட்டுமேடு அவருடைய நிலத்தில்தான் இருந்தது, கரும்புக் கொல்லையை ஒட்டி. நடந்தால் காலடியில் ஓடு நொறுங்கும். நல்ல மழை பெய்து வெயில் அடித்த மறுநாள் போனால் மண்ணிலிருந்து மணிகள் முகத்தைக் காட்டும். சிவப்பு, நீலம், கடுகளவு பச்சை. நான் பொறுக்கி நூலில் கோத்து வைப்பேன். அம்மா அதைப் பேய் மணி என்று பிடுங்கிக் குப்பைக்குழியில் எறிவாள். எத்தனை மாலை கோத்தேனோ அத்தனையும் குப்பைக்குழிக்குத்தான் போனது.

மேட்டின் கிழக்குச் சரிவில் ஒரு சுவர் வெளியே தெரிந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு செங்கல். பிள்ளைகள் அதன்மேல் வரிசையாக நடப்போம். அதைத் தாண்டி ஒரு நுணா மரம், மரத்தடியில் முள்ளுப்புதர், புதருக்குள் கிணறு. முள்ளுக்கும் பாம்புக்கும் பயந்து யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். நான் குப்புறப் படுத்து எட்டிப் பார்ப்பேன். சுட்ட மண்ணில் செய்த உறை, ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளே இறங்கும். ஆறு உறை கண்ணுக்குத் தெரியும், அதற்குக் கீழே மண் மூடிக் கிடக்கும். கன்றுக்குட்டிக் கயிறு விட்டுப் பார்த்தேன், என் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. இவ்வளவுதான் கிணறு. ஆனால் விரல் வைத்து அழுத்திய பட்டை ஓடும் அதன் விளிம்பில் கை வைக்கும்போதெல்லாம், இங்கே குடத்தோடு வந்து நின்ற பெண் யார், அவளுக்கு என்ன வயசு, அவளுடைய மாமா எப்படிப்பட்டவர் என்றெல்லாம் யோசிப்பேன். பள்ளிக்கூடத்தில் பழைய துறைமுகம், பட்டணம் என்று பாடம் வந்தபோது எழுந்து, எங்கள் ஊரிலும் இருக்கிறது என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் உட்காரச் சொன்னார்.

அதனால்தான் கதவுக்குப் பின்னால் எனக்கு அப்படிப் படபடத்தது. அதோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. ஏனென்றால் அவர் வருவதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூத்து எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

கார்த்திகை மழை. எங்கள் தெருவில் வண்டி மாடே முழங்கால் வரை இறங்கும். மாப்பிள்ளை வீட்டார் காரில் வருகிறார்கள் என்று தரகர் சொன்னதும் மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. சம்பந்தி வீட்டுக் கார் நம் வாசலில் சேற்றில் மாட்டிக்கொண்டு, நாலு பேர் பின்னால் தள்ளுவது என்பது அவரால் தாங்க முடியாத அவமானம். கொம்யூன் பஞ்சாயத்தில் சொல்லிச் சரளை வருவதற்குள் பெண்ணுக்குத் தலை நரைத்துவிடும் என்றார். இரண்டு வண்டியைக் கட்டி ஆளை அனுப்பி, ஓட்டுமேட்டுச் சுவரைக் கடப்பாரையால் பெயர்த்து ஏற்றிக்கொண்டு வந்து, தெரு நெடுகக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து அழுத்தினார்கள்.

நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். “மாமா, அது எந்தக் காலத்துக் கல்லோ, எடுக்காதீங்க” என்றேன்.

“உனுக்குத்தாண்டி ரோடு போடறேன்” என்றார் மாமா. பாசமாகத்தான் சொன்னார். அந்தப் பாசத்துக்கு எதிராக என்ன பேசுவது? சுவர் முழுசும் தெருவுக்கு வந்து சேர்ந்தது. கிணறு புதருக்குள் இருந்ததால் தப்பித்தது.

இப்போது அந்தத் தெருவின்மேல், சக்கரத்தில் ஒரு பொட்டு சேறு இல்லாமல், கார் ஜம்மென்று வந்து நின்றிருக்கிறது. இறங்கியவர் கேட்பது அந்த மேட்டை.

ஆண்கள் கிளம்பினார்கள். நேரே மேட்டுக்குப் போனார்களா? இல்லை. மாமா முதலில் காரைப் பாகூருக்கு விடச் சொல்லிக் கோயிலைக் காட்டினார். பிறகு ஏரி மதகைக் காட்டினார். பிறகு புதிதாகப் போட்டிருந்த தன் மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போய், சுவிட்சைத் தட்டி, தண்ணீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறது பாருங்கள் என்று காட்டினார். வரும் வழியில் கிருமாம்பாக்கத்து ரோட்டில் தெரிந்தவர் கடையில் நிறுத்தி எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். இதையெல்லாம் பின்னால் மாப்பிள்ளையே எனக்குச் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் நான் அறைக்குள் பூ வாடிக்கொண்டிருக்க, அடுப்படியில் சொஜ்ஜி ஆறிக்கொண்டிருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் கூடப் போயிருந்தால் கால் மணி நேர வேலை. பெண் பார்க்க வந்த இடத்தில், பார்க்க வேண்டிய பெண் மட்டும் வாசற்படி தாண்டக் கூடாது.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். கடைசியாக மேட்டுக்கும் போயிருந்தார்கள். சுவர் இருந்த இடத்தில் பள்ளமும் மழைத் தண்ணீரும்தான் கிடந்தன. மாப்பிள்ளை வேட்டியெல்லாம் முள், முகம் சுருங்கியிருந்தது.

“நான்தான் சொன்னேனே தம்பி, ஒண்ணுமில்லன்னு” என்றார் மாமா, ஏதோ ஜெயித்தவர் மாதிரி.

என்னைக் காபித் தட்டோடு அனுப்பினார்கள். கொடுத்துவிட்டு நமஸ்காரம் செய்து நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பொண்ணு எதுனா ரெண்டு வார்த்த பேசட்டுமே, கொரல் எப்படின்னு கேப்போம்” என்றார். வழக்கமாக இந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்துகொண்டு, என்ன பேசறது என்று முனக வேண்டும்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்து, “நீங்க தேடிக்கினு போனது மேட்டுல இல்லீங்க. உங்க காரு நிக்குதே, அதுக்கு அடியில இருக்குது” என்றேன்.

அம்மா பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளியது இன்றைக்கும் வலிக்கிறது. மாமா பெரிதாகச் சிரித்து, “வெளையாட்டுப் புள்ள” என்றார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. காபி டம்ளரோடு எழுந்து வாசலுக்குப் போனார். டிரைவரைக் கூப்பிட்டுக் காரைப் பின்னால் எடுக்கச் சொல்லிவிட்டு, தெரு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகத்தால் மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தார். அவருடைய அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த பிள்ளை தெருவில் மண் நோண்டுவதை எந்தத் தாய்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

ஒரு முழுச் செங்கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கையெல்லாம் சேறு. “இது எங்க இருந்தது? சரியான எடம் யாருக்குத் தெரியும்?” என்றார்.

“எனக்குத் தெரியும்” என்றேன். “செவுரு போயிட்டுது. கெணறு இருக்குது. வாங்க, காட்டறேன்.”

ஒரு அடி முன்னால் வைத்தும் விட்டேன். அவர் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க வர வேணாம். அடையாளம் சொல்லுங்க, போதும்” என்றார்.

சொன்னேன். நுணா மரம், புதர், எந்தப் பக்கமிருந்து குனிந்தால் முள் குத்தாது எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு மாமாவிடம் திரும்பி, “அந்த எடம் உங்களுக்குத் தெரியுங்களா?” என்றார்.

“ஓ, தெரியுமே” என்றார் மாமா. அந்தக் கிணற்றை அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அதற்குள் இருட்டிவிட்டது, பாம்பு நடமாட்டம் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், டிரைவர் ஹாரன் அடித்தான். அவர்கள் கிளம்பிவிட்டார்கள். இந்தச் சம்பந்தம் போச்சு என்று அம்மா விடிய விடிய என்னைத் திட்டினாள். ஆனால் மூன்றாம் நாள் தரகர் பல்லெல்லாம் தெரிய வந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என் வாய் பிடிக்கவில்லையாம். பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறானாம். “கெணத்த மட்டும் அப்படியே வெச்சிருக்கச் சொன்னாரு மாப்ள. கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணே கூட்டிக்கினு போயி காட்டட்டும்னாரு.”

“கெணறு எங்க போவப் போவுது?” என்றார் மாமா.

கல்யாணம் தை மாதம். இந்தத் தடவை ஒரு கார் இல்லை, நாலு காரும் ஒரு பஸ்ஸும். பந்தக்கால் நட்டுவிட்டால் கல்யாணப் பெண் தெருவைத் தாண்டக் கூடாது. எனக்கு மஞ்சளும் நலங்கும் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில், கொல்லைப் பக்கமிருந்து டிராக்டர் சத்தம் கேட்டபடியே இருந்தது. கேட்டால், கரும்புக்கு உழுகிறார்கள் என்றார்கள். நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? தை மாதத்தில் எல்லாரும்தானே உழுகிறார்கள்?

மறுவீட்டுக்கு வந்தபோது முதல் வேலையாக அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கழுத்தில் தாலி ஏறிவிட்டது, இனி யார் கேட்பது? பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் முன்னால் நான், பின்னால் அவர். எனக்கு அவ்வளவு பெருமை. ஊரே பார்க்கட்டும் என்று நடந்தேன்.

மேடு இல்லை. மேடு இருந்த இடம் பலகை போலச் சமமாகக் கிடந்தது. பார் பிடித்து, கரும்புக் கரணை ஊன்றி, தண்ணீரும் பாய்ச்சியாகிவிட்டது. நுணா மரம் கல்யாண அடுப்புக்கு விறகாகப் போயிருந்தது. எங்கே நின்று எதைக் காட்டுவது? நான் அங்கும் இங்கும் ஓடினேன், கால் சேற்றில் புதைந்தது. “இங்கதான் இருந்தது, இங்கதான்” என்று வேறு வேறு இடத்தில் நின்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரி மாதிரித் தெரிந்தது.

“பரவால்ல, விடு” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் கேட்டார். மாமா அவர் முகத்தைப் பார்த்தார். புது மாப்பிள்ளை, வாத்தியார், வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் அந்தக் கிணறு. “கெணறா? அப்படி எதுவும் தட்டுப்படலியே மாப்ள. நரிக்குழி ஒண்ணு இருந்துது. இது சின்னப் புள்ளயில பாத்துட்டு அதத்தான் கெணறு கெணறுன்னு சொல்லிக்கினு இருக்கும்” என்றார்.

அடுப்படியில் அம்மா என் காதில் ரகசியமாகச் சொன்னாள். “உங்க மாமாதாண்டி ரெண்டு வண்டி மண்ணு கொட்டி மூடச் சொன்னாரு. கல்யாணத்துக்கு வர்ற பசங்க வுழுந்துட்டா இன்னா பண்றது? நீ மாப்ளகிட்ட சொல்லிக்காத, மாமாவுக்கு அசிங்கமாப் பூடும்.”

நான் அன்றைக்கே சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “மாமா எதுக்குப் பொய் சொல்லணும்?” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. என்னுடைய கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவரோடு வாழ்ந்ததில் வேறு குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் பெண்டாட்டியைப் புதுச்சேரி பீச்சுக்கும் பொட்டானிக்கல் தோட்டத்துக்கும் கூட்டிப் போவார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சுத்துக்கேணி வயல்காடு, இல்லாவிட்டால் காட்டேரிக்குப்பம் போகிற வழியில் ஏதோ ஒரு பொட்டல். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடக்க வேண்டும். புளிச்சோற்றுத் தூக்கும் தண்ணீர்க் கூஜாவும் என் கையில். அவர் கண்ணில் படாத, மண்ணில் புதைந்த முதுமக்கள் தாழியின் விளிம்பு என் கண்ணில் படும். நான் காட்டினால் குனிந்து பார்த்து “ம்” என்பார். அதையே பக்கத்தில் மாடு மேய்க்கிற ஆள் காட்டினால், “அடடே” என்று தோளில் தட்டிக் கொடுப்பார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, எரிச்சல் எரிச்சல்தானே?

ஒருதரம் அவரோடு வேலை பார்க்கும் வாத்தியார்கள் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போனார்கள், நாங்களும் போனோம். கோயிலும் பட்டுக்கடையும் முடிந்தபின், மற்றவர்கள் யாருக்கும் தெரியாத ஓர் இடத்துக்கு இவர் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனார். ஊருக்குள் ஒரு சந்தில், யாரோ தோண்டிவிட்டு விட்டுவிட்ட குழி. அதன் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். சுட்ட மண் உறை. எங்கள் கிணற்றின் அதே விளிம்பு, அதே நிறம், விரல் வைத்து அழுத்திய அதே பட்டை.

“இதேதாங்க நம்ம ஊர்ல இருந்தது” என்றேன், சத்தமாகவே.

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “இவங்க மாமா வீட்டுலயும் ஒண்ணு இருந்ததாம். நரி குடியிருந்த கிணறு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுடைய மனைவிமாரும் சிரித்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. பட்டுப் புடவைக்காகக் கோபம் என்று அவராக முடிவு பண்ணிக்கொண்டு, தீபாவளிக்கு ஒன்று வாங்கித் தந்தார். அரக்கு நிறம், நன்றாகத்தான் இருந்தது. கட்டும்போதெல்லாம் நரிதான் ஞாபகம் வந்தது.

பிறகு வருஷங்கள் போயின, பிள்ளைகள் பிறந்தார்கள். எண்பதுகளில் ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நாங்கள் பாகூர்ப் பக்கம் போயிருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் மாமா அங்கலாய்த்தார். வெட்டிய தூரிலிருந்து மறுபடி தழைத்த கட்டைக்கரும்பு எல்லாம் காய்ந்துபோனதாம். கொல்லையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஒரு கட்டில் அகலத்துக்கு, கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் பச்சைப் பசேலென்று வளர்ந்து நின்றதாம். வெட்டும்போது ஆட்கள்கூட அதிசயப்பட்டார்களாம். “ஏதோ சாமி குத்தமோ, சாமி அருளோ தெரியல மாப்ள” என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மேட்டின் மற்ற இடமெல்லாம் அடியில் செங்கல்லும் ஓடும். வேர் எப்படி இறங்கும்? இரண்டு வண்டி கொல்லை மண் கொட்டி மூடிய இடத்தில் மட்டும்தான் வேர் இறங்கித் தண்ணீரைத் தேடும். எங்கே அந்தக் கரும்பு என்று மட்டும் கேட்டேன். கரும்பு வெட்டியாகிவிட்டது, கட்டையைப் பார்த்தாலே தெரியும் என்றார்.

சாப்பிட்டுவிட்டு அவரும் மாமாவும் ஃபேனுக்கு அடியில் படுத்தார்கள். நான் மாட்டுக்கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில். மாமா சொன்னது போலவே, ஒரு இடத்தில் மட்டும் கட்டைகள் என் மணிக்கட்டுத் தடிமனில் இருந்தன. வெட்ட ஆரம்பித்தேன். பல வருஷமாக மண்வெட்டி பிடிக்காத கை, சீக்கிரமே கொப்புளம் போட்டுவிட்டது. அக்கம்பக்கத்துக் கொல்லையில் இருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வாத்தியார் பெண்டாட்டிக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தி கேட்டதுகூடக் காதில் விழுந்தது. முழங்கால் ஆழம் போனதும் மண்வெட்டி நுனி ஓட்டில் பட்டுச் சத்தம் கேட்டது. உட்கார்ந்து கையால் வழித்தேன். வளைவு தெரிந்தது. இன்னும் வழித்தேன். வளைவு திரும்பி வந்து முழு வட்டமானது. விளிம்பில் அதே விரல் தடம்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அங்கிருந்தே கத்தினேன். கத்திய கத்தலில், பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து அவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். பின்னால் துண்டை உதறிக்கொண்டு மாமா.

அவர் குழியைப் பார்த்தார். அப்படியே மண்டியிட்டார். விளிம்பைச் சுற்றிக் கையால் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். இத்தனை வருஷமும் எதற்காகக் காத்திருந்தேனோ அந்த ஒரு வார்த்தை இப்போது வரப்போகிறது என்று, மூச்சு வாங்கியபடி நின்றேன்.

அவர் தலையைத் தூக்கி, “மாமா! உறைக்கிணறேதான் மாமா!” என்றார்.

“எனுக்கு அப்பவே தெரியும் மாப்ள” என்றார் மாமா, கொஞ்சம்கூடக் கூசாமல். “நான்தான மூடி வெச்சேன். பத்திரமா இருக்கட்டும்னு.”

“நல்ல காரியம் செஞ்சீங்க மாமா. விட்டிருந்தா ஆளாளுக்கு ஒடச்சிருப்பாங்க. மூடறப்ப எவ்ளோ ஆழம் இருந்துச்சு?”

“ஆழமா? இருக்கும், ஒரு பனமரம் ஆழம் இருக்கும்.”

“பனமரம் ஆழமா!” அவர் நம்பினார். ஆறு உறை, அதற்குக் கீழே மண், என் உயரத்துக்குக் கொஞ்சம் கூட என்று பத்து வருஷத்துக்கு மேலாக நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருமுறைகூட அகலாத அந்தக் கண்கள் இப்போது அகல விரிந்தன. இரண்டு பேரும் குழியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, பனைமர ஆழத்துக்கு எத்தனை உறை வந்திருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். நான் கையில் மண்வெட்டியோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

சற்று நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பினார். “வெயில் கொளுத்துது. வீட்டுலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி கொண்டாயேன், எனக்கும் மாமாவுக்கும்” என்றார்.

நான் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தேன்.

“மாமா பனமரம் ஆழம்ன்றாரு இல்ல, தோண்டுங்க” என்றேன். “அடி தட்டுனதும் கூப்பிடுங்க. தண்ணி எடுத்தாரேன்.”

கொப்புளம் உடைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். பின்னால் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மண்வெட்டி விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய், அம்மாவிடம் ஒரு சொம்பு மோர் வாங்கி, முழுசையும் நானே குடித்தேன்.